ஏழாம் அடியில் மலரும் நட்பு

கொச்சி மாநகரின் மட்டாஞ்சேரியில் பழைய அரண்மனை ஒன்று உள்ளது. 1555-ஆம் ஆண்டளவில் போர்ச்சுக்கீசியர் அதனைக் கட்டி, கொச்சி மன்னர் வீர கேரள வர்மாவுக்குக் காணிக்கையாக அளித்தனர். 1663-க்குப் பின்னர் டச்சுக்காரர் அதனைச் செப்பனிட்டமையால் 'டச்சு அரண்மனை' என்னும் பெயர் அதற்கு நிலைத்துவிட்டது. கேரள மரபுப்படி அமைந்த நாலுகெட்டு வீடு அது. நடுமுற்றத்தில் பழையனூர் பகவதியின் திருக்கோயில் விளங்குகிறது. அங்குள்ள மன்னரின் பள்ளியறைச் சுவர்களில், தசரதன் இயற்றிய புத்திரகாமேஷ்டி வேள்வி தொடங்கி, இராமபிரான் அயோத்திக்கு மீளும் வரையிலான காட்சிகள் வண்ண ஓவியங்களாகத் தீட்டப்பெற்றுள்ளன.

கணவனும் மனைவியும் தனித்திருக்கும் அறைக்கு இராமாயணமா என்று ஒருவர் வியக்கக்கூடும். காடும், பிரிவும், கண்ணீரும், போரும் நிறைந்த கதை அது. ஆயினும் அவ்வோவியங்களின் முன் சற்றே நின்று சிந்திப்பவருக்கு ஓர் உண்மை புலப்படும். அரியணை கைவிட்டுப் போன நாளிலும் சீதையும் இராமனும் ஒருவரையொருவர் கைவிடவில்லை. இல்லறத்தின் உறுதி சூழ்நிலையின் இனிமையைப் பொறுத்ததாயின், அவர்களது இல்லறம் அயோத்தியின் எல்லையிலேயே முடிந்திருக்கும். அது கானகத்திலும் செழித்ததென்றால், அதனைத் தாங்கிய வேர் புறத்தே இல்லை, மனத்தில் இருந்தது. அந்த வேர் யாது? இன்றைய இளம் தம்பதியர் அதனை எவ்வாறு நீர் வார்த்துக் காக்க இயலும்? இவையே இங்கு ஆராயத் தக்கவை.

சடங்குகள் பல, வாக்கு ஒன்று

மட்டாஞ்சேரியைப் போலச் சிறிய பரப்பில் பலவகைத் திருமண மரபுகளைக் கண்ட ஊர் பாரதத்தில் அரிது. அரண்மனையை ஒட்டியே 1568-இல் எழுந்த யூதர்களின் பரதேசி ஜெபாலயம் நிற்கிறது. யூத மரபில் கணவன் மனைவிக்குச் செய்ய வேண்டிய கடமைகள் 'கெத்துபா' எனும் பத்திரத்தில் எழுதப்படும். கொச்சி யூத மாதர் திருமண நாளில் பாடும் மலையாளப் பாடல்களைக் கையேடுகளில் எழுதிக் காத்து வந்தனர். 1950-களில் அவர்களுள் பெரும்பாலோர் இஸ்ரேல் சென்றபோதும் அப்பாடல்கள் உடன் சென்றன. சற்றுத் தொலைவில் கொங்கணி மக்களின் திருமலை தேவஸ்வம் ஆலயம், குஜராத்தியர் வழிபடும் ஜைன ஆலயம், பழம்பெரும் பள்ளிவாசல்கள், தேவாலயங்கள் ஆகியவை உள்ளன. ஓரிடத்தில் மஹர் வழங்கப்படுகிறது. ஓரிடத்தில் மந்திரகோடி போர்த்தப்படுகிறது. மற்றோரிடத்தில் அக்கினி வலம் வரப்படுகிறது. சடங்குகள் வேறாயினும் அனைத்தும் மணமக்களிடம் வேண்டுவது ஒரு வாக்கையே. 'இன்பத்திலும் துன்பத்திலும் உன்னுடன் இருப்பேன்' என்பதே அந்த வாக்கு.

வைதிக முறைத் திருமணத்தில் இவ்வாக்கு சப்தபதியாக வெளிப்படுகிறது. மணமகன் மணமகளின் கரம்பற்றி ஏழு அடிகள் நடத்திச் செல்கிறான். உணவு, வலிமை, செல்வம், சுகம் என ஒவ்வோர் அடிக்கும் ஒரு பிரார்த்தனை உண்டு. ஏழாம் அடி வைத்ததும் அவளைத் தோழி என்று அழைத்து நட்பை வேண்டுகிறான். சப்தபதியைத் தம் சடங்காகக் கொண்டோருக்கு ஏழாம் அடியில்தான் திருமணம் நிறைவு பெறுகிறது என்று 1955-ஆம் ஆண்டின் இந்து திருமணச் சட்டமும் கூறுகிறது. செல்வத்தை மூன்றாம் அடியிலேயே வேண்டிய முன்னோர், நட்பை ஏழாம் அடியில் வைத்தனர். முந்தைய ஆறும் வந்து சேரும் இடம் நட்பே என்பது அவர்தம் உட்கருத்தாகும்.

இன்றைய நிலை

இந்த உட்கருத்து இன்று மறக்கப்படுவது கவலைக்குரியது. நுகர்பொருளைப் பயன்படுத்தித் தூக்கியெறியும் மனப்பாங்கு திருமண உறவையும் பற்றிக்கொண்டுள்ளதாகக் கேரள உயர் நீதிமன்றம் 2022-ஆம் ஆண்டு ஒரு தீர்ப்பில் வருந்தியது. திருமணம் ஆடல் பாடலுக்கும் விருந்துக்குமான நிகழ்ச்சியன்று, அது புனிதமான ஒரு சம்ஸ்காரம் என்று உச்ச நீதிமன்றம் 2024-இல் இளைஞர்களுக்கு நினைவூட்டியது. ஆன்மிகச் சொற்பொழிவாளர் கூற வேண்டியவற்றை நீதிபதிகள் கூற வேண்டிய காலம் வந்துள்ளது.

எனினும் இளைஞர்களைக் குறைகூறுவதால் மட்டும் பயனில்லை. அவர்கள் சுமக்கும் பாரம் புதியது. ஓர் இளம் தம்பதியரை எண்ணிப் பார்ப்போம். கணவன் மட்டாஞ்சேரியில் மிளகு, ஏலம் ஏற்றுமதி செய்யும் நிறுவனம் ஒன்றில் கணக்கராகப் பணிபுரிகிறான். மனைவி காக்கநாட்டின் இன்ஃபோபார்க்கில் மென்பொருள் பொறியாளர். அவன் காலையில் புறப்படும்போது, இரவு முழுதும் கணினிமுன் அமர்ந்திருந்த அவள் உறங்குகிறாள். அவன் திரும்பும்போது அவள் அடுத்த கூட்டத்திற்கு ஆயத்தமாகிறாள். இடையிடையே கைப்பேசி அழைக்கிறது. முற்காலத்தில் ஊடல் முற்றினால் இடையில் நின்று தணிக்கப் பாட்டி இருந்தாள், அத்தை இருந்தாள். இன்று அடுக்குமாடிக் குடியிருப்பின் நான்கு சுவர்களுக்குள் இருவர் மட்டுமே உள்ளனர். முன்பு பத்துப் பேர் பகிர்ந்த பொறுப்புகள் அனைத்தையும் இன்று ஒருவர் மற்றொருவரிடமே எதிர்பார்க்கிறார். ஆதலின் பழைய காலத்தைவிட இக்காலத் தம்பதியருக்கு மனப்பயிற்சி மிகுதியும் தேவைப்படுகிறது.

பதஞ்சலி கூறும் நான்கு பாவனைகள்

இம்மனப்பயிற்சியைத் தேடி வெகுதூரம் செல்ல வேண்டுவதில்லை. பதஞ்சலி முனிவர் யோக சூத்திரத்தின் முதற்பாதத்தில் சித்தம் தெளிவடைய நான்கு பாவனைகளைக் கூறுகிறார். இன்பமுற்றோரிடம் மைத்ரீ எனும் நட்பு, துன்பமுற்றோரிடம் கருணை, நற்பண்புடையோரிடம் முதிதை எனும் உவகை, குறையுடையோரிடம் உபேக்ஷை எனும் சமநிலை என்பன அவை. யோகசாதகனுக்கு உரைக்கப்பெற்ற இவை இல்லறத்தாருக்கும் முற்றும் பொருந்தும். இன்பம், துன்பம், நிறை, குறை ஆகிய நான்கும் ஒரே மனிதரிடம் ஒரே நாளில் தோன்றக் காண்பது கணவன் மனைவி உறவில்தான். தற்கால உளவியல் ஆய்வுகள் இந்த நான்கு பாவனைகளின் பயனை எவ்வாறு மெய்ப்பிக்கின்றன என்பதை இனிக் காண்போம்.

மைத்ரீ: சிற்றழைப்பிற்குச் செவி கொடுத்தல்

அமெரிக்காவின் வாஷிங்டன் பல்கலைக்கழகத்தில் ஜான் காட்மன் எனும் உளவியல் அறிஞர், புதுமணத் தம்பதியரை ஒரு குடியிருப்பு போன்ற ஆய்வகத்தில் தங்கச் செய்து அவர்களது அன்றாட உரையாடலைக் கவனித்தார். அவர் கண்டது பெருநிகழ்ச்சிகளை அன்று, மிகச் சிறிய அழைப்புகளையே. கோட்டைக் கொச்சிக் கரையில் நடக்கும் மனைவி, "அந்தச் சீனவலையின் மேல் கொக்கு அமர்ந்திருப்பதைப் பாருங்களேன்" என்கிறாள். அவள் காட்டுவது கொக்கை. அவள் வேண்டுவதோ கணவனின் கவனத்தை. அவன் தலைநிமிர்ந்து பார்க்கலாம். கைப்பேசியிலிருந்து கண்ணெடுக்காமல் 'உம்' எனலாம். 'இதற்கெல்லாமா கூப்பிடுவது?' என்று எரிந்து விழவும் கூடும். ஆறு ஆண்டுகளுக்குப் பின் காட்மன் குழுவினர் அத்தம்பதியரை மீண்டும் கண்டனர். இணைந்து வாழ்ந்தோர், இத்தகைய அழைப்புகளுள் 100-க்கு 86 முறை செவிசாய்த்தவர்கள். பிரிந்து போனோர் 33 முறை மட்டுமே செவிசாய்த்தவர்கள்.

இன்பமான செய்திகளைப் பற்றி ஷெல்லி கேபிள் எனும் அறிஞர் 2004-இல் வெளியிட்ட ஆய்வு மேலும் நுட்பமானது. மனைவி தனக்குப் பதவி உயர்வு கிடைத்ததாகக் கூறுகிறாள் என்று கொள்வோம். கணவன் நான்கு வகையில் மறுமொழி கூறக்கூடும். மகிழ்ந்து, 'எப்போது கூறினார்கள்? உன் மனம் எப்படி இருந்தது?' என்று கேட்பது ஒருவகை. 'நல்லது' என்ற ஒற்றைச் சொல்லுடன் நிறுத்திக்கொள்வது இரண்டாம் வகை. 'இனி இன்னும் தாமதமாகத்தான் வீடு திரும்புவாயா?' என்று குறைகாண்பது மூன்றாம் வகை. காதில் விழாததுபோல் வேறு பேச்சைத் தொடங்குவது நான்காம் வகை. இவற்றுள் முதல்வகை மட்டுமே உறவை வளர்க்கிறது. துன்பத்தில் உடனிருப்பது நட்பென்று அனைவரும் அறிவர். பிறர் இன்பத்தில் மனமாரப் பங்குகொள்வது அதனினும் அரிது. பதஞ்சலி மைத்ரீயை இன்பமுற்றோரிடம் வைத்ததன் நுட்பம் இதுவே.

இத்தகைய சிறு கணங்கள் வீணாவதில்லை. அவை நினைவின் கருவூலத்தில் சேர்கின்றன. அசோகவனத்தில் அனுமனிடம் அடையாளம் கூற நேர்ந்தபோது, சீதாபிராட்டி அயோத்தியின் செல்வத்தையோ, வில் முறிந்த வீரத்தையோ கூறவில்லை. சித்திரகூடத்தில் ஒரு காகம் தன்னைத் துன்புறுத்திய நாளில் நிகழ்ந்ததையும், ஒருமுறை இராமன் தன் கன்னத்தருகே மனோசிலைச் சாந்தால் திலகமிட்டதையும் நினைவூட்டுகிறாள். இருவர் மட்டுமே அறிந்த அந்த எளிய நினைவுகள், கடல் இடைப்பட்ட பிரிவிலும் அவர்களைப் பிணைத்திருந்தன. இன்றைய தம்பதியர் தங்கள் கருவூலத்தில் எதனைச் சேர்த்து வருகின்றனர் என்று அவரவர் தம்மைத் தாமே கேட்டுக்கொள்வது நலம்.

கருணை: பற்றிய கரத்தின் வலிமை

திருமணத்தில் பாணிக்கிரகணம் எனும் கரம்பற்றும் சடங்கு முதன்மையானது. 2006-இல் ஜேம்ஸ் கோன் எனும் அறிஞரும் அவர்தம் குழுவினரும் திருமணமான 16 பெண்களிடம் ஓர் ஆய்வு நடத்தினர். சிறு மின்னதிர்ச்சி வரக்கூடும் என்ற அச்சத்தில் இருக்கும் பெண்ணின் மூளைச் செயலைக் கருவியால் பதிவு செய்தனர். கணவனின் கரத்தைப் பற்றியிருந்தபோது, அச்சத்தைக் காட்டும் மூளைப்பகுதிகளின் கிளர்ச்சி தணிந்தது. அறிமுகமற்றவரின் கரம் அந்த அளவுக்குப் பயன் தரவில்லை. இல்லறம் இனிதாக அமைந்த பெண்களிடம் இப்பயன் மேலும் மிகுதியாகக் காணப்பட்டது. பற்றிய கரம் அச்சத்தைப் போக்கும் என்பதை முன்னோர் சடங்காக்கித் தந்தனர், அறிவியல் அதனை அளந்து காட்டுகிறது.

ஆயினும் கருணை காட்டுவதில் ஒரு தவறு அடிக்கடி நேர்கிறது. துணைவர் துன்பத்தைக் கூறத் தொடங்கியதுமே அறிவுரை பிறந்துவிடுகிறது. அலுவலகத்தில் நேர்ந்த அவமதிப்பை மனைவி கூறும்போது, 'நீ அப்படிப் பேசியிருக்கக் கூடாது' என்று கணவன் தீர்ப்பளிக்கிறான். வணிகத்தில் நேர்ந்த இழப்பைக் கணவன் கூறும்போது, 'நான் அன்றே கூறினேனே' என்கிறாள் மனைவி. இரண்டிலும் உண்மை இருக்கக்கூடும். ஆனால் அந்நேரத்தில் காயமுற்ற நெஞ்சு நாடுவது தீர்ப்பை அன்று, துணையையே. முதலில் கேட்டல், பிறகு புரிந்துகொண்டதைச் சொல்லால் காட்டுதல், வேண்டினால் மட்டும் வழி கூறுதல் என்ற வரிசை கருணைக்கு உரியது. வேதாந்தத்தில் சிரவணத்திற்குப் பின்னரே மனனம் வருகிறது. இல்லறத்திலும் அவ்வரிசையே சிறந்தது.

முதிதை: நிறைகளைக் காணும் கண்

கருத்து வேறுபாடு இல்லாத இல்லம் உலகில் இல்லை. வேறுபாட்டின்போது எவ்வாறு பேசுகின்றனர் என்பதே நிலைக்கும் உறவையும் நிலையா உறவையும் பிரிக்கிறது. காட்மனின் ஆய்வில், நிலைத்த தம்பதியர் சச்சரவின் நடுவிலும் ஒரு கடுஞ்செயலுக்கு ஐந்து இனிய செயல்கள் என்ற அளவைக் காத்தனர். ஒரு புன்னகை, ஒரு நகைச்சுவை, 'நீ கூறுவதிலும் நியாயம் உண்டு' என்ற ஓர் ஒப்புதல் ஆகியவை அந்த ஐந்தினுள் அடங்கும். குணத்தையே சாடும் குற்றச்சாட்டு, இகழ்ச்சி, தன் தவற்றை ஏற்காத தற்காப்பு, வாய்மூடிச் சுவராக நின்றுவிடுதல் ஆகிய நான்கும் உறவை அரிக்கும் நஞ்சுகள் என்று அவர் கூறுகிறார். அவற்றுள் கொடியது இகழ்ச்சி.

இகழ்ச்சியின் கொடுமை உடலையும் தாக்குகிறது. 2005-இல் ஒஹையோ மாநிலப் பல்கலைக்கழகத்தின் ஜேனிஸ் கீகோல்ட்-கிளாசர், 42 தம்பதியரின் கைகளில் மிகச் சிறிய கொப்புளக் காயங்களை உண்டாக்கி அவை ஆறும் வேகத்தை அளந்தார். பகையுணர்வு மிகுந்து உரையாடிய தம்பதியரின் காயங்கள், பகையுணர்வு குறைந்தோரின் காயங்கள் ஆறும் வேகத்தில் 60 சதவீத அளவிலேயே ஆறின. சுடுசொல் ஆறாத வடுவை உண்டாக்கும் என்று தமிழ் மரபு கூறுவதை வெறும் அணியாகக் கொள்ளற்க.

மாற்றுக் கருத்தைப் பண்புடன் கூறுவதற்கும், அதனைப் பண்புடன் ஏற்பதற்கும் வால்மீகி ஆரணிய காண்டத்தில் ஓர் இலக்கணம் வகுத்துள்ளார். முனிவர்களைக் காக்க அரக்கரை அழிப்பதாக இராமன் வாக்களிக்கிறான். தமக்குத் தீங்கு செய்யாதோரைக் கொல்வது தகுமா என்று சீதைக்கு ஐயம் எழுகிறது. அவள் அதனை மறைக்கவில்லை, மனத்தில் வைத்துப் புழுங்கவுமில்லை. மென்மையான மொழியில் கூறுகிறாள். வாளொன்றைக் காவல் காக்க நேர்ந்த முனிவர் ஒருவர், அவ்வாளுடன் திரிந்து திரிந்து கொடியவராக மாறிய கதையை எடுத்துக்காட்டுகிறாள். கற்பிப்பது தன் நோக்கமன்று, அன்பினால் நினைவூட்டுகிறேன் என்று முடித்து, முடிவை இராமனிடமே விடுகிறாள். இராமன் தன் வாக்கை மாற்றிக்கொள்ளவில்லை. முனிவர்க்குத் தந்த சொல்லைக் காக்க வேண்டிய காரணத்தை விளக்குகிறான். அதனோடு, அன்பிற்குரியோரிடம் மட்டுமே ஒருவர் இவ்வாறு பேசுவர் என்று அவள் கூற்றில் தான் மகிழ்ந்ததையும் தெரிவிக்கிறான்.

இதில் யாரும் வெல்லவில்லை, யாரும் தோற்கவுமில்லை. கருத்து வேறுபாடு நீங்கவில்லையாயினும் மதிப்பு கூடியது. மறுப்புரையின் பின்னே நிற்கும் அன்பைக் கண்டு உவந்தானே, அதுவே முதிதை. சச்சரவின் முதல் மூன்று நிமிடங்கள் எவ்வாறு தொடங்குகின்றன என்பதைக் கொண்டே உறவின் போக்கைப் பெரிதும் அறியலாம் என்று உளவியலார் கூறுவர். 'நீங்கள் எப்போதுமே இப்படித்தான்' என்று தொடங்கும் பேச்சுக்கும், 'இன்று எனக்கு வருத்தமாக இருந்தது' என்று தொடங்கும் பேச்சுக்கும் இடையே உள்ள தொலைவு மிகப் பெரியது.

உபேக்ஷை: சாட்சியாய் நின்று காணுதல்

தம்பதியரின் பிணக்குகளுள் 69 சதவீதம் என்றுமே முற்றிலும் தீராதவை என்று காட்மன் கண்டார். அவை இருவரின் இயல்பிலும் வளர்ப்பிலும் வேரூன்றியவை. ஒருவர் சிக்கனம் விரும்புவார், மற்றவர் தாராளமாகச் செலவிடுவார். ஒருவருக்கு உறவினர் சூழ இருக்க விருப்பம், மற்றவருக்குத் தனிமையில் விருப்பம். துணைவரை மாற்றினாலும் பிணக்கு நீங்காது. பழைய பிணக்குக்குப் பதிலாகப் புதிய பிணக்கு வரும். இவ்வுண்மையை உணர்ந்தவர் துணைவரைத் திருத்தும் முயற்சியைத் தளர்த்தி, அவரோடு வாழும் கலையைக் கற்கிறார். அதுவே உபேக்ஷை. அக்கறையின்மை என்று அதற்குப் பொருளன்று. குறையைக் கண்டும் கலங்காத நிலை அது.

இந்நிலையை எய்தச் சாட்சி பாவம் துணைபுரியும். அமெரிக்காவின் நார்த்வெஸ்டர்ன் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த ஈலை ஃபிங்கல் 2013-இல் வெளியிட்ட ஆய்வு வேதாந்த மாணவர்க்கு வியப்பூட்டும். அவர் 120 தம்பதியரை இரண்டு ஆண்டுகள் ஆராய்ந்தார். முதலாண்டில் அனைவரின் உறவும் சிறிது சிறிதாக வலுவிழந்தது. இரண்டாம் ஆண்டில் பாதிப் பேருக்கு மட்டும் ஓர் எளிய பயிற்சி அளிக்கப்பெற்றது. நான்கு மாதங்களுக்கு ஒருமுறை, ஏழு நிமிடம், அண்மையில் நேர்ந்த சச்சரவொன்றை இருவர் நலனையும் நாடும் நடுநிலையாளர் ஒருவர் எவ்வாறு காண்பார் என்று எழுத வேண்டும். ஆண்டு முழுதும் 21 நிமிடமே ஆகும் இப்பயிற்சியால், அவர்களது உறவின் தேய்வு நின்றது. மற்றோரின் உறவு தொடர்ந்து தேய்ந்தது. 'நான் கோபம் கொண்டுள்ளேன்' என்ற நிலையிலிருந்து, 'கோபம் எழுந்துள்ளதை நான் காண்கிறேன்' என்ற நிலைக்கு உயர்வதே இதன் உட்பொருள். 

கோபம் பொங்கி நெஞ்சு படபடக்கும்போது எழுதவோ பேசவோ இயலாது. அந்நேரத்தில் குறைந்தது 20 நிமிடமேனும் விலகியிருந்து, உடல் தணிந்தபின் மீண்டும் அமர்வது நன்று. விலகும்போது 'சற்று நேரத்தில் திரும்பி வந்து பேசுகிறேன்' என்று கூறிவிட்டுச் செல்ல வேண்டும். சொல்லாமல் விலகுவது புறக்கணிப்பாகிவிடும். திருக்குறளின் காமத்துப்பால் ஊடலுவகை எனும் அதிகாரத்தோடு நிறைவுறுகிறது. ஊடலுக்கு உப்பை உவமையாக்கினார் வள்ளுவர். அளவாயின் சுவை கூட்டும், சற்றே நீடித்தாலும் உணவு முழுதும் கெடும்.

உபேக்ஷைக்கு ஓர் எல்லை உண்டு. கைநீட்டி அடித்தல், இடைவிடாது இழிவுபடுத்துதல், வரதட்சணை கேட்டுத் துன்புறுத்தல் ஆகியவை குறைகள் அல்ல, அதர்மங்கள். அவற்றைப் பொறுத்துக்கொள்ள வேண்டுவதில்லை. பெண்ணே எல்லாவற்றையும் பொறுத்துப் போக வேண்டும் என்று பெரியோர் அறிவுறுத்துவது தர்மமாகாது. குடும்ப வன்முறையிலிருந்து பெண்களைக் காக்க 2005-ஆம் ஆண்டின் சட்டமும், 181 என்ற உதவி எண்ணும் உள்ளன. அவற்றை நாடுவதில் இழுக்கு ஏதுமில்லை. உயிரும் மானமும் காக்கப்பட்ட பின்னரே உறவைக் காப்பது பற்றிப் பேச வேண்டும்.

மற்றோர் எச்சரிக்கையும் தேவை. தம்பதியரின் உட்பிணக்குகளை உற்றார் உறவினரிடையே பரப்புவது நெருப்பில் நெய் வார்ப்பதாகும். பள்ளியறை ஓவியங்கள் இராமன் மீண்டதோடு நிறைவுறுகின்றன. ஊராரின் சொல் கணவன் மனைவிக்கு இடையே புகுந்தால் எத்தகைய துயர் விளையும் என்பதை அதன்பின் வரும் உத்தர காண்டம் கண்ணீருடன் காட்டுகிறது. முதிர்ந்த மூத்தோர் ஒருவரையோ பயிற்சி பெற்ற மனநல ஆலோசகரையோ இருவரும் இணைந்து அணுகுவது வேறு. அது நோயுற்றோர் மருத்துவரை நாடுவது போன்றது.

தவத்தால் வந்த திருமணம்

நான்கு பாவனைகளையும் தாங்கி நிற்பது சங்கல்பம். மட்டாஞ்சேரி அரண்மனையின் வேறோர் அறையில் சிவபெருமான், பார்வதி திருமண வரலாறும் ஓவியமாகியுள்ளது. காளிதாசரின் குமாரசம்பவம் கூறும் வரலாறு அது. மன்மதனின் மலர்க்கணையைத் துணைகொண்டு சிவனை அடையத் தேவர்கள் முயன்றனர். மன்மதன் சாம்பலானான். தன் அழகு பயன்படாததைக் கண்ட பார்வதி, அதனை நெஞ்சார நொந்து, கடுந்தவம் மேற்கொண்டாள். இறைவன் பிரம்மசாரி வடிவில் வந்து தன்னையே பழித்துச் சோதித்தபோதும் அவள் உறுதி குலையவில்லை. அப்போது இறைவன், அவள் தவத்தால் விலைக்கு வாங்கப்பெற்ற அடியவன் தான் என்று கூறி நின்றான்.

இதன் தத்துவம் இளம் தம்பதியருக்கு மிக முக்கியமானது. கவர்ச்சி உறவைத் தொடங்கி வைக்கலாம். நாள்தோறும் மேற்கொள்ளும் தவமே அதனை நிலைநிறுத்தும். மோகம் தணியும் காலம் எல்லா இல்லங்களிலும் வருகிறது. 'அன்பு போய்விட்டது' என்று பலர் அஞ்சுவது அந்நேரத்தில்தான். உண்மையில் அன்பு தன் மெய்யான பணியைத் தொடங்கும் நேரம் அது. மேலும், தவம் ஒருவருக்கு மட்டும் உரியதன்று. உலகநாதனே 'உன் அடியவன்' என்று தாழ்ந்து கூறினானெனில், எந்தக் கணவனும் எந்த மனைவியும் தாழ்ந்து கூறத் தயங்க வேண்டுவதில்லை. ஈருடலும் ஓருடலாகிய அர்த்தநாரீசுவர வடிவம் இந்த இருபக்கத் தாழ்மையில் மலர்ந்தது.

நாள்தோறும் செய்யத் தக்கவை

இல்லற சாதனையை எளிய நியமங்களாக அமைத்துக்கொள்ளலாம். பிரியும்போதும் மீண்டும் சந்திக்கும்போதும் வேறு வேலையை நிறுத்திவிட்டு ஒருவர் முகத்தை ஒருவர் கண்டு பேசுதல். நாளில் ஒருவேளை உணவையேனும் கைப்பேசியின்றி இணைந்து உண்ணுதல். உறங்கும் முன் துணைவர் அன்று செய்த நற்செயல் ஒன்றைக் கூறி நன்றி பாராட்டுதல். வாரம் ஒருமுறை குடும்பக் கணக்கையும் மனக்குறைகளையும் அமைதியாக அமர்ந்து பேசுதல். தவறு தன்னுடையதாயின் தயங்காது மன்னிப்புக் கேட்டல். இவற்றோடு, சில நிமிடங்கள் இருவரும் இணைந்து விளக்கின் முன் அமர்ந்து பிரார்த்தனை செய்தல். காக்கநாட்டிலும் மட்டாஞ்சேரியிலும் வேறுவேறு நேரங்களில் பணியாற்றும் தம்பதியருக்கும் இவை இயலாதவை அல்ல. மொத்தம் அரைமணி நேரம் போதும்.

இளம் தம்பதியர் தொடக்கத்திலேயே நிறைநிலையை எதிர்பார்க்க வேண்டுவதில்லை. சாஸ்திரத்தில் ஸ்தூல அருந்ததி நியாயம் என்று ஒன்று உண்டு. அருந்ததி மிக நுண்ணிய மீன். அதனைக் காட்ட விரும்புவோர் முதலில் அருகிலுள்ள பெரிய மீனைச் சுட்டிக்காட்டி, கண் அங்கு நிலைத்தபின் நுண்மீனைக் காட்டுவர். இல்லறமும் அவ்வாறே. முதலில் துணைவரின் சிறு அழைப்புக்குச் செவிசாய்க்கப் பழகுவோர், படிப்படியாக அவர் உள்ளத்தின் இன்ப துன்பங்களைக் காண்பர். நாளடைவில் அவருள்ளும் தம்முள்ளும் ஒன்றாய் ஒளிரும் ஆன்மாவையும் காண்பர். கணவனோ மனைவியோ பிரியமாவது ஆன்மாவின் பொருட்டே என்று யாக்ஞவல்கியர் தம் மனைவி மைத்ரேயிக்கு உபதேசித்தார். உபநிடதத்தின் அந்த உயர்ந்த உபதேசமும் கணவன் மனைவி உரையாடலாகவே அமைந்திருப்பது எண்ணி எண்ணி மகிழத் தக்கது.

அக்கினி சாட்சியாக ஏழடி நடந்தோரும், பிற மரபுகளில் வாக்களித்தோரும், அந்நட்பை ஒவ்வொரு நாளும் புதிதாக ஓரடி நடந்து வளர்ப்பாராக. அவர்தம் இல்லங்களில் அன்பும் அமைதியும் தழைக்கப் பராசக்தி அருள்புரிவாளாக!